அமில ராகி

அத்தியாயம் 9

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். பூங்கொடி கம்பெனிக்குத் தர வேண்டிய தொகை அது. முத்திரைத்தாளில் எண்ணாலும் எழுத்தாலும் போட்டு, கீழே அவள் கையெழுத்தை வாங்கி வைத்திருந்தார்கள்.

முதலாளி ஹரீஷ்குமார் அந்தத் தாளை மேஜைமேல் எங்கள் பக்கம் தள்ளினார். தங்கதுரை சார் அதைத் தொடாமலே படித்தார். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த குடோனையும் எரியாத கணக்கையும் பார்த்துப் பழகிய கண் அது. இப்போது ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் மொபைல் கடைக்கு மேலே அவருடைய துப்பறியும் ஆபீஸ். அங்கே டீ வாங்குவது, மொபெட் ஓட்டுவது, கேட்காத இடத்தில் வாயைத் திறப்பது எல்லாம் நான். பெயர் ராமப்பன்.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார் சார்.

மாதம் பதினோராயிரத்து இருநூறு, ஒப்பந்தக் கூலி என்றார் ஹரீஷ்குமார்.

"முப்பத்தேழு மாசம் ஆகும். சாப்பிடாம இருந்தா."

ஹரீஷ்குமார் பெங்களூர்க்காரர். கன்னடமும் தமிழும் கலந்து விஷயத்தைச் சொன்னார். உருளைக்குள் இருந்த இருநூற்று எழுபத்தைந்து கிலோ சரக்கை ஞாயிற்றுக்கிழமை யாரோ திருடிவிட்டு, அதே மாதிரி இருக்கிற மலிவான பிளாஸ்டிக் மணியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். உருளைப் பொறுப்பில் இருந்தவள் பூங்கொடி. நஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். திருட்டுச் சரக்கு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பார். அன்றைக்கு வியாழக்கிழமை. யார் வாங்கினார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

அந்தச் சரக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அதே கம்பெனியில் பாய்லரில் பத்தொன்பது வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்து, முதுகு போனதால் வெளியே வந்தவன் நான். ஊரில் அதை வாசனைக் கம்பெனி என்பார்கள். கற்பூரம் போல வெள்ளையாக, கற்பூர நெடியே அடிக்கிற ஒரு பொருளை வினிகர் அமிலத்தோடு சூடாக்கி உயரமான எஃகு உருளைக்குள் மேலிருந்து விடுவார்கள். கீழே வரும்போது பைன் மரக் காட்டு வாசனையாக வரும். சோப்புக்கும் ஊதுபத்திக்கும் தரை துடைக்கிற தண்ணிக்கும் அதுதான் போகிறது. நடுவில் அந்த மாற்றத்தைச் செய்துவைப்பது அமிலம். என் காலத்தில் கந்தக அமிலத்தையே ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பிரித்து, சுண்ணாம்பு போட்டு அடக்கி வெளியேற்றுவதற்குள் உயிர் போகும், சட்டையெல்லாம் ஓட்டை விழும். இரண்டு வருஷமாக அந்தத் தொல்லை இல்லை. அமிலத்தைப் பொடிசான பிளாஸ்டிக் மணிகளுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். அது கரையாது, சரக்கோடு ஓடாது, இருந்த இடத்திலேயே இருந்து வேலையை முடித்துக் கொடுக்கும். பார்ப்பதற்கு அசல் ராகிதான், அதே பழுப்பு, அதே உருண்டை. ஆட்கள் அதை ஆசிட் ராகி என்பார்கள்.

"நீ இங்கதானே இருந்தே. இந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்றார் சார்.

ஹரீஷ்குமார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அந்த அறைக்குள் நான் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குத்தான் நாற்காலி போட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்திருந்தார்கள்.

"பார்த்திருக்கேன் சார்" என்றேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், புருஷன் போய்ப் பதினாறாம் நாள் முடிந்த மறுவாரம், அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்பந்தக்காரரிடம் நிறுத்தி, இவளுக்கு நான் ஜவாப்தாரி என்று சொன்னவன் நான். அவள் என்னைக் கூப்பிடுவது அண்ணா என்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பார்த்திருக்கேன் என்றேன்.

முதலில் அவள் வீட்டைப் பார்த்துவிடலாம் என்றார் சார். மூக்கண்டப்பள்ளியில் எட்டு வீடு ஒட்டினாற்போல் இருக்கிற லைன் வீடுகளில் ஆறாவது அவளுடையது. எங்களோடு கம்பெனி வாட்ச்மேனையும் அனுப்பியிருந்தார்கள். அவர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றதும் ஏழு வீட்டுக் கதவும் திறந்துகொண்டது.

பூங்கொடி என்னைப் பார்த்தாள். உதடு அண்ணா என்று சொல்லத் திறந்தது. நான் அவசரமாக மொபெட் சாவியைத் தேடுவது போல் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "உள்ள வாங்க சார்" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். நான் அவளைத் தெரியாதவனாக இருக்க விரும்புகிறேன் என்பது அந்த ஒரு நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசிவரை அவள் அதைக் காப்பாற்றினாள்.

ஒரே அறை. மூலையில் அடுப்பு. பரணில் அவள் மகள் ரேவதியின் புத்தகங்கள். அந்தப் பெண் கிருஷ்ணகிரியில் தங்கி நர்சிங் படிக்கிறது. அலமாரியில் மூன்று தகர டின். ஒன்று அரிசி, ஒன்று பொரி, மூன்றாவது ராகி.

சார் என்னைப் பார்த்தார். தேடுகிற வேலை என்னுடையது. ராகி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

"ராகிதான் சார். ரேஷன் ராகி போல. பாதி கல்லு" என்றேன்.

வாட்ச்மேன் சிரித்தார். எதிர் வீட்டு வாசலிலும் யாரோ சிரித்தார்கள். பூங்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்க ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. அடுப்பு ஓரத்தில் அவளுக்கான சாப்பாடு மூடி இருந்தது. சார் தட்டை விலக்கிப் பார்த்தார். ஆறிப்போன மோர் சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

அவள் பேசியது குறைவு. பேசிய கொஞ்சமும் குழறியது.

"நான் எடுக்கலைங்க. ஆனா நஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு. கட்டிடுறேன்."

"எடுக்கலைன்னா எதுக்கும்மா கட்டணும்?" என்றார் சார்.

அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுப்பு ஓரம் வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னம்மா, வாய்க்குள்ள சுடு பணியாரமா? தெளிவாச் சொன்னாத்தானே சார் எழுதுவாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சார் என் பக்கம் திரும்பினார். என் தமாஷுக்கு வழக்கமாக ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். அன்றைக்கு அதுவும் இல்லை.

திரும்பி வரும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். திருடினவர்களும் கட்டமாட்டேன் என்பார்கள், திருடாதவர்களும் கட்டமாட்டேன் என்பார்கள், திருடவில்லை ஆனாலும் கட்டுகிறேன் என்கிற ஆள் யாரையோ மறைக்கிறாள் என்றார்.

"காதலா சார்?"

"நாப்பத்து மூணு வயசுல அதை விடப் பெருசா ஒண்ணு இருக்கும்யா. நன்றி."

யாருக்கு நன்றி என்று நான் யோசிக்கக்கூட இல்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்கே போனோம். கேட் ரிஜிஸ்டரை சார் முதலில் பார்த்தார். ஒரு வாரமாக ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லை.

"டிபன் பாக்ஸ்ல கொண்டுபோயிருப்பாளோ சார்" என்றேன். "தினம் ஒரு கிலோன்னா முக்கால் வருஷத்துல முடிஞ்சிடும்."

கம்பெனி கெமிஸ்ட் முத்துக்குமார் ஆய்வகத்தில் காத்திருந்தான். முப்பது வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். உருளையிலிருந்து எடுத்த மணி ஒரு குப்பியிலும், பாய்லர் தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற தொட்டியின் மணி இன்னொரு குப்பியிலும் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பு. உருளை மணியில் அமிலம் துளிகூட இல்லை, இரண்டும் ஒரே ஜாதி, அதனால் மாற்றியிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவன் அவன்தான். திங்கட்கிழமை ஓட்டிய பேட்ச் முழுக்க அப்படியே நின்றுவிட்டது, மேலே ஊற்றின கற்பூர நெடியே கீழேயும் வந்தது, பைன் வாசனை ஒரு சொட்டு இல்லை என்றான்.

சார் இரண்டு டீஸ்பூன் கேட்டார். உருளை மணியில் நாலைந்தை ஒரு ஸ்பூனில் வைத்து, மேலே இன்னொரு ஸ்பூனை வைத்து அழுத்தி நசுக்கினார். முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன வாசனை?"

"பைன் சார். பெரிய ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி."

சார் முத்துக்குமார் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை பேட்ச்ல பைன் வாசனையே வரலைன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை புதுசா வந்து உட்கார்ந்த மணின்னா, அதுக்கு இந்த வாசனை எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

முத்துக்குமார் ஸ்பூனை வாங்கி முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அவன் காது இரண்டும் சிவந்தது. இது பழைய மணி. மூன்று மாசமாக இதே உருளையில் கிடந்த மணி. யாரும் எதையும் மாற்றவில்லை.

"அப்போ ஆசிட் எங்க சார் போச்சு?" என்றான்.

அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சார் எழுந்தார். உருளையின் அடியிலிருந்து கழுவுத் தண்ணீர் போகிற சிமெண்ட் சாக்கடை கட்டடத்துக்குப் பின்னால் ஓடுகிறது. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். அன்றைக்கு முப்பது அடி நீளத்துக்கு ஒரு பொட்டுப் பாசி இல்லை. சிமெண்ட் வெளுத்து, அரித்து, உள்ளே இருக்கிற மணல் தெரிந்தது. இரும்புச் சல்லடையில் புதுத் துரு செக்கச்செவேலென்று பூத்திருந்தது. கேன்டீன் தண்ணீர் வந்து கலக்கிற இடத்துக்கு அப்பால்தான் மறுபடி பச்சை.

"இங்க ஆசிட் ஊத்தினீங்களா?"

இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் திரவ அமிலமே வருவதில்லை என்றான் முத்துக்குமார். அதற்காகத்தானே அந்த மணியை வாங்கினார்கள்.

"அப்போ உங்க திருடன் கேட் வழியாப் போகலை. சாக்கடை வழியாப் போயிருக்கான்."

பிறகு ஸ்டோருக்குப் போனார். பாய்லர் தொட்டிக்கு என்று வைத்திருக்கிற உப்பு மூட்டைக் கணக்கைக் கேட்டார். போன சனிக்கிழமை இரண்டு மூட்டை கூடுதலாகப் போயிருந்தது. பாய்லர்க்காரர் நான் எடுக்கவில்லை என்றார்.

"மாங்கா சீசன் சார்" என்றேன். "ரெண்டு மூட்டை உப்புன்னா ஊறுகாதான். இந்த ஜில்லால யார்தான் போடல."

சார் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூக்கண்டப்பள்ளி லைன் வீடு மாதிரி இந்த மணி என்று முத்துக்குமாரிடம் சொன்னார். வீடு அதே வீடு, குடித்தனம் மட்டும் மாறும். அமிலம் குடியிருந்த வீட்டுக்குள் உப்புத் தண்ணீரை விட்டால், உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அமிலத்தை வெளியே தள்ளிவிடும். தள்ளின அமிலம் சாக்கடையோடு போயிற்று. பாய்லர் தொட்டி மணிக்கு உப்புதான் உயிர், சோர்ந்தால் உப்பு போட்டால் எழுந்துவிடும். அந்த மணியைத் தெரிந்த யாரோ இந்த மணிக்கும் அதே வைத்தியத்தைச் செய்திருக்கிறார்கள்.

முத்துக்குமார் சாக்கடைக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் எழுதிக் கொடுத்ததாலதான் சார் அவங்களைத் திருடின்னு சொன்னாங்க" என்றான். தலையைத் தூக்கவில்லை.

அவனைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. என் நெஞ்சில் அப்போதும் ஒன்றும் தட்டவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி அறைக்குப் பூங்கொடியை வரவழைத்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. அதனால் அவரும் நின்றுகொண்டே கேட்டார்.

"உப்பை எப்படிம்மா கரைச்சே?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தெரிந்துவிட்டது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது போல் இருந்தது. மெல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உருளையைக் கழுவிக் காயவைக்கிற நாள். தனியாக இருந்தாள். பேட்ச் முன்பு எட்டு மணி நேரத்தில் முடியும், இப்போது பதினாலு மணி நேரம் இழுக்கிறது என்று இரண்டு வாரமாக சூப்பர்வைசர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். நீ சரியாகக் கழுவவில்லை, அடுத்த மாதம் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருந்தார். மூட்டைக்கு இருபது வாளித் தண்ணீர் கணக்கில் கரைத்து, நூல் மாதிரி விட்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டினாள்.

"முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டே?"

அவள் தயங்கினாள். "நாக்குல வெச்சுப் பார்த்தேங்க."

சார் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கு நுனி வெள்ளையாக வெந்து, தோல் உரிந்து இருந்தது. உதட்டின் உள்பக்கமும். ஐந்து நாளாக அவள் மோர் சோறு தின்றதற்கும், டீ குடிக்காததற்கும், பேச்சுக் குழறினதற்கும் அதுதான் காரணம். அதைத்தான் நான் பணியாரம் என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூட்டைக்கு இருபது வாளி. நூல் மாதிரி. ஒரு ஷிஃப்ட். நாக்கில் வைத்துப் பார்ப்பது. பாய்லரில் உப்புப் போட்டு அலசின பிறகு, மீட்டர் ரிப்பேராகிக் கிடந்த வருஷங்களில், கரிப்பு போய்விட்டதா என்று நான் நாக்கில் தொட்டுத்தான் சொல்வேன். மீட்டர் பொய் சொல்லும், ராமப்பன் நாக்கு சொல்லாது என்று ஆட்கள் பேசுவார்கள். அதில் எனக்குப் பெருமை. வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பி.எஃப். பணத்துக்கு ஒரு கையெழுத்து வாங்க வந்திருந்தேன். உள்ளே விடாமல் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பூங்கொடி வந்தாள். அண்ணா, ராகி சோந்து போச்சு, வேலை போயிடும் போல இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியலை என்றாள். கடையில் பழைய ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். வெளியே நிற்க வைக்கப்பட்ட எரிச்சலில் இருந்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சோந்து போனா உப்பைப் போடு, பத்தொன்பது வருஷம் இந்தக் கம்பெனி ஓடினதே என் உப்புலதான் என்றேன். கணக்கும் சொன்னேன், நாக்கையும் நீட்டிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது ஒரு தமாஷ், கொஞ்சம் ஜம்பம். இந்த ராகி வேறு, அந்த ராகி வேறு என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை. என் வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய் இரண்டு மூட்டையாகக் கரைத்து ஊற்றியிருக்கிறாள்.

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் சார்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் போட்டேன்."

ஹரீஷ்குமார் நம்பவில்லை. வேதியியல் படித்தவனே அறியாததை இவள் தானாகச் செய்தாளா என்று முத்துக்குமாரைக் காட்டிக் கேட்டார். சொல்லிக் கொடுத்தவன் பெயரைச் சொன்னால் அந்தத் தாளில் பாதியைக் குறைக்கிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். சார் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கெலவரப்பள்ளிப் பக்கம் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் கேஸ் முடிந்துவிடும். திருட்டு இல்லை, கைத்தவறு என்று ஆகும். போலீஸ் இல்லை. முப்பத்தேழு மாசம் மட்டும் அவளுடையது. இதை எல்லாம் அந்த நேரத்தில் நான் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"டீக்கடையில நின்னு நான்தான் சொன்னேன். இவங்களைப் பார்த்திருக்கேன்னு சொன்னது பொய் சார். ஏழு வருஷமாத் தெரியும். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அந்தப் பேப்பர்ல இவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

ஹரீஷ்குமார் என்னையும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். பூங்கொடி முதல் தடவையாகக் கோபப்பட்டாள்.

"எதுக்குண்ணா சொன்னீங்க? பாய்லர்ல இன்னும் உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்காங்க. என்னோட போயிருக்கும்ல."

அவள் நாக்கு வெந்துபோய் அந்த வார்த்தைகள் பாதிதான் வந்தன. என் நாக்கு நன்றாக இருந்தது, அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

சார் ஜன்னலிலிருந்து திரும்பினார். சட்டைப் பையிலிருந்து சமையல் சோடா பொட்டலம் ஒன்றை எடுத்தார். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சோடாவைக் கரைத்தார். உருளை மணியில் ஒரு ஸ்பூனை முதல் டம்ளரில் போட்டார். மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. முத்துக்குமாரிடம் கை நீட்டினார். அவன் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தான். அதுவும் அதே உருளை மணிதான். சாக்கடையைப் பார்த்த கையோடு சார் சொன்னபடி அதை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, உப்பு நீக்கின சுத்தத் தண்ணீரில் அமிலம் போகும்வரை அலசி வைத்திருக்கிறான். சார் அதில் ஒரு ஸ்பூனை இரண்டாவது டம்ளரில் போட்டார்.

நுரைத்துப் பொங்கி ஹரீஷ்குமாரின் மேஜைக் கண்ணாடிமேல் வழிந்தது.

"உப்பு போய் உட்கார்ந்தா அமிலம் வெளிய வரும். திரும்ப அமிலத்தை விட்டா உப்பு வெளிய வந்துடும்" என்றார் சார். "உங்க சரக்கு சாகலை, திருட்டும் போகலை. குடித்தனத்தை மாத்திட்டா போதும். நாலு லட்சத்துக்குப் புது மணி வாங்க வேண்டியதில்லை."

வழிந்ததை ஹரீஷ்குமார் ஒரு தாளால் ஒற்றித் துடைத்தார். முழு உருளையும் ஓடிக் காட்டட்டும், பிறகு பேசலாம் என்றார்.

படியில் இறங்கும்போது சாரிடம் கேட்டேன், சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது எப்போது தெரிந்தது என்று.

"மூணு டின் இருந்துச்சு. எல்லாரும் நகத்துல நசுக்கிப் பார்ப்பாங்க. நீ நாக்குல போட்டே. இன்னைக்கு அந்தப் பொண்ணும் நாக்குன்னுச்சு" என்றார். "அந்தச் சோடாவை நான் முதல்லயே எடுத்திருக்கலாம். நீ சொல்றியான்னு பார்த்தேன்." இரண்டு படி இறங்கின பிறகு, "கொஞ்சம் லேட்டுதான்" என்றார்.

அன்று மதியம் தொடங்கி அமிலம் விட்டு அலசினார்கள். முத்துக்குமார் தானே நின்றான். இந்தத் தடவை நாக்கு இல்லை, நிறம் மாறுகிற காகிதத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சனிக்கிழமை விடியும்போது பேட்ச் ஏறியது. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மத்தியானத்துக்கு மேலே காற்றில் பைன் வாசனை வந்தது. பழைய எட்டு மணி நேர வேகம் வரவில்லை. மணிமேல் பிசின் படிந்ததால் வந்த சோர்வு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு வேறு கழுவல் இருக்கிறது, பூங்கொடியின் குற்றம் எதுவும் இல்லை என்று முத்துக்குமார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஐந்து மணிக்கு ஹரீஷ்குமார் முத்திரைத்தாளை எடுத்தார். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறின்மேல் சிவப்பு மையில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆயிற்று, விடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். திருடி என்று சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அமிலம், சுத்தத் தண்ணீர், இரண்டு மூட்டை உப்பு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் ஆகியிருக்கிறது, அதை மட்டும் யாராவது கட்டிவிடுங்கள் என்றார். கணக்காளரிடம் நான் கட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பூங்கொடி கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். ரத்தான தாளை விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். பையிலிருந்து ஒரு சின்ன பர்ஸை எடுத்து எண்ணினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கேட்டுக் கம்பிக்கு இடையில் நீட்டினாள்.

"சொன்னது நீங்க. ஊத்தினது நான். பாதி என்னுது" என்றாள்.

வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்ல ஒரு உரிமை இருக்க வேண்டும். அதை வியாழக்கிழமையே அந்த நாற்காலியில் உட்கார்ந்து விட்டுக்கொடுத்துவிட்டேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னாள். அவள் முன்னாலேயே எண்ணினேன். சரியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அவள் ஷிஃப்டுக்குப் போனாள்.